செவ்வாய்க்கிழமை வந்த ஒரே ஒரு ஏவுகணை

சிங்காநல்லூர்,
31-1-1991, வியாழன்.

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் அரங்கசாமி அவர்களுக்குத் தங்கை பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பாப்பாவும் அத்தையும் மாமனாரும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருக்க அம்மன் துணை செய்ய வேண்டும். சவுதியில் உங்கள் மாப்பிள்ளை நலமா என்று கேட்டால், அது நீங்கள் எந்த ரேடியோவைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்க வேண்டாம், கோபம். சென்னையில் பத்திரிகை ஆபீசில் வெளிநாட்டுச் செய்திக்கென்றே உட்கார்ந்திருப்பவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். ஆகவே உலகத்தில் செய்தி சொல்லிப் பிழைக்கிற அத்தனை பேர் சார்பிலும் நீங்கள்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கச்சி கடிதம் என்று சட்டைப் பையில் வைத்து மறந்துவிடாமல், கடைசி வரை படித்து, நான் கேட்டிருக்கிற ஒரே ஒரு உதவியைச் செய்யவும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் தம்மாமில் ஒரு தண்ணீர் பம்ப் ஸ்டேஷனில் மோட்டார் வைண்டிங் பார்க்கிறார். போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போகும்போது நான் ஐந்து மாதம். பாப்பாவுக்கு இப்போது பதினாலு மாதம். இன்னும் அவர் பிள்ளையை நேரில் பார்க்கவில்லை. சண்டை தொடங்கிய நாளிலிருந்து வீடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, 'அப்பா ஊருச் சேதி வருது, சத்தம் போடாதே' என்று குழந்தையை அடக்கியதில், அவள் ரேடியோப் பெட்டியைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் எழுந்ததும் தவழ்ந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்து, 'ப்பா' என்கிறாள். பெட்டி 'கொர்ர்' என்கிறது. அவளுக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்குப் போதவில்லை.

இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரி தம்மாம் பக்கம் ஏவுகணை ஒன்று வந்தது. ஒன்று வந்தது என்பது மட்டும்தான் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம், அதிலும் எங்கள் பக்கத்து வீட்டில் தகராறு, அதைப் பிறகு சொல்கிறேன். அந்த ஒரே ஏவுகணையை எங்கள் மச்சாண்டார் லண்டன் ரேடியோவில் கேட்டார். மச்சாண்டார் என்றால் உங்கள் மாப்பிள்ளையின் அண்ணன் மயில்சாமி, லேத் பட்டறை வைத்திருப்பவர். லண்டன்காரர் சாவதானமாக, ஏவுகணை வானத்திலேயே தடுத்து அழிக்கப்பட்டதாக அமெரிக்கத் தரப்பு சொல்கிறது என்றார். மச்சாண்டார் உடனே ரேடியோவை நிறுத்திவிட்டு, "கேட்டீங்களா, வானத்துலயே அடிச்சுப்போட்டாங்க. அவன் அங்கயே இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது" என்றார். அடுத்த வாக்கியத்தில் அதே லண்டன்காரர், இதை வேறு யாரும் உறுதி செய்யவில்லை என்று சொன்னாரே, அதற்குள் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அது ஒரு வழக்கத்துக்குச் சொல்றதுங்க அம்மணி. மருந்து பாட்டில் மேல குலுக்கிச் சாப்பிடவும்னு போட்டிருப்பானில்ல, அது மாதிரி" என்றார்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் அண்ணா. நீங்கள்தான் ஃபீஸ் கட்டி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டீர்கள். வானத்தில் அடித்தால் துண்டு எங்கே போகும்? தென்னை மரத்துத் தேங்காயைக் கல்லால் அடித்தால் காய் வெட்கப்பட்டு மேலேயே நின்றுகொள்கிறதா? அது கீழேதான் வரும். கீழே யார் படுத்திருக்கிறார்கள்? இதை எந்த ரேடியோவும் சொல்லவில்லை. மச்சாண்டாரிடம் கேட்டதற்கு, "துண்டெல்லாம் கடல்ல விழுந்திருக்குமுங்க" என்றார். லண்டன்காரர்கூடச் சொல்லாத செய்தி, பட்டறையிலேயே தயாரானது.

என் மாமனார் லட்சுமணசாமி அய்யாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மில்லில் முப்பத்தொரு வருஷம், அதில் இருபது வருஷம் யூனியன். கல்யாணப் பந்தலில் உங்களை உட்காரவைத்து உபரி மதிப்பு பற்றிப் பேசியவர். அவருக்கு மாஸ்கோ ரேடியோதான். அதே ஏவுகணைக்கு மாஸ்கோவில் பதற்றம், பொதுமக்களின் துயரம், சமாதான முயற்சி என்று இருந்தது. விழுந்ததா அழிந்ததா என்பதற்கு அவர்கள் வரவே இல்லை, அதற்குள் சமாதான முயற்சிக்கு நேரம் சரியாகிவிட்டது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அங்க நெலமை முத்திப்போச்சு. பையன் உடனே வந்தாகணும். லண்டன்காரன் எண்ணெய்க்கு அழுவறவன், அவன் பேச்சைக் கேட்டுட்டு என்ற மவனை நான் பலி குடுக்க முடியாது" என்றார். மச்சாண்டாரும் விடவில்லை. "ஏனுங்கய்யா, உங்க மாஸ்கோவுலயே ரொட்டிக்கு வரிசையில நிக்கறாங்களாமா. அவங்க நம்மாளுக்கு வழி சொல்றாங்களாக்கும்" என்றார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேராகப் பேசுவதில்லை. இவர் சாப்பிட வந்தால் அவர் எழுந்துவிடுகிறார். குழம்பு மட்டும் நான் ஒருத்தியே இரண்டு தரம் சூடு பண்ணுகிறேன்.

என் அத்தை பழனியாத்தாளுக்கு டெல்லிச் செய்தி போதும். அது ரத்தினச் சுருக்கமாக, வளைகுடா நிலைமை குறித்து இந்தியா ஆழ்ந்த கவலை தெரிவித்தது என்றது. அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "டெல்லிக்காரங்களே கவலைப்படறாங்களாம். நம்ம ஊட்டுக் கவலை டெல்லி வரைக்கும் போயிருக்குதுன்னா, அங்க என்னமோ ஆயிப்போச்சுடி பொற்கொடி" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அது வழக்கமாகச் சொல்கிறதுதான் அத்தை, அவர்கள் எல்லாவற்றுக்கும் கவலைப்படுவார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "வழக்கமாக் கவலைப்படறவங்களுக்குத்தான் நெசமாத் தெரியும்" என்றார்.

சரி, படித்தவள் நாமே கேட்போம் என்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அமெரிக்கக்காரர் செய்தியை இங்கிலீஷில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எத்தனை வந்தது, எத்தனை அடித்தோம் என்று ஸ்கோர் சொல்கிற மாதிரி சொன்னார்கள். குண்டுகளெல்லாம் ஆபரேஷன் கத்தி மாதிரி அவ்வளவு துல்லியமாம். அண்ணா, பாப்பா எனக்கு ஆபரேஷனில்தான் பிறந்தாள். அந்தத் துல்லியம் என்ன என்று பதினாலு மாதமாக என் வயிற்றுக்குத் தெரியும், மழைக்காலத்தில் இன்னும் சுண்டி இழுக்கிறது. கத்தி பிடிக்கிறவருக்குத்தான் அது துல்லியம், கிழிபடுகிறவளுக்கு இல்லை. இதைச் சொல்லும் ரேடியோ எந்த மீட்டரில் வருகிறது?

இப்போது உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். நீங்கள் நகர்ந்து உட்கார வேண்டாம். இருபத்து நாலாம் தேதிப் பேப்பர் என் முன்னால்தான் இருக்கிறது. எட்டுப் பத்தித் தலைப்பு, 'தம்மாம் மீது ஏவுகணை மழை'. ஒன்று வந்தால் அது மழையா அண்ணா? ஆவணியில் ஒரே ஒரு துளி விழுந்து நின்றால் நம் ஊரில் அதை மழை என்று சொல்லி விதைக்கப் போவோமா? உள்ளே செய்தியில் ஒன்று என்றுதான் இருக்கிறது. தலைப்பைப் படித்துவிட்டு அத்தை கீழே உட்கார்ந்தவர் உள்ளே இருக்கிற ஒன்று வரைக்கும் வரவே இல்லை. பக்கத்தில் படம் வேறு, ஒரு ஒட்டகம். அந்த ஒட்டகம் அகதியா, சாட்சியா, ஏவுகணையைப் பார்த்ததா என்று ஒரு வரியும் கிடையாது. நீங்கள் வைத்த தலைப்பு இல்லை, ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்தவர் வைத்தது என்று சொல்வீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கத் தரப்பு சொல்கிறது, ஈராக் தரப்பு சொல்கிறது, ராத்திரி ஷிஃப்ட் சொல்கிறது. யாரும் தானாக ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே அன்றைக்கே, அதாவது இருபத்து நாலாம் தேதி, அவரிடமிருந்து போன் வந்தது. பட்டறை நம்பருக்குத்தான் கூப்பிடுவார். மூன்று நிமிஷம். லேத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் ரிசீவர் மேல் விழுந்தோம். ஏவுகணை வந்ததா என்று மச்சாண்டார் கேட்டதற்கு அந்த மனுஷன் சொன்ன பதிலைக் கேளுங்கள். "ராத்திரி சங்கு ஊதுச்சுங்ணா. டூட்டி முடிஞ்சு அசதியாப் படுத்திருந்தேன், எந்திரிக்கல." அவ்வளவுதான். உலகத்தில் அத்தனை ரேடியோவும் தொண்டை கிழியப் பேசிய ஏவுகணையின் கீழே படுத்திருந்த ஒரே ஆள், போர்வையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. அதற்கு மேல்தான் முக்கியமான விஷயம் சொன்னார். ஊருக்குப் போக இஷ்டப்படுகிறவர்களைக் கம்பெனி பத்தாம் தேதி பஸ்ஸில் ஜித்தாவுக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிடும். அதற்கு முன்னால் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரும்ப அதே வேலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது. கொடுக்காவிட்டால் அப்புறம் பஸ் கிடையாது. "நீங்க எல்லாருமாக் கலந்து பேசி ஒரு முடிவாச் சொல்லுங்க. அடுத்த வியாழக்கிழமை கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். தன் உயிரைப் பற்றித் தான் ஒரு முடிவு எடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனுஷனை நீங்கள்தான் பார்த்துக் கட்டிவைத்தீர்கள்.

முடிவு எடுக்க நிஜம் தெரிய வேண்டும் இல்லையா. அதற்கு மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு அமீர் ஹம்சா அண்ணன் தகரப் பெட்டி செய்கிறவர், அவர் செய்துகொடுத்த பெட்டிதான் இவர் சவுதிக்கு எடுத்துப் போனது. அவரிடம் பெரிய ரேடியோ உண்டு. அரபிச் செய்தி தெளிவாக எடுக்கும். "அவனவன் பாசையில அவனவன் என்ன பேசறான்னு கேட்டாத்தான் உள்ளது தெரியும்" என்று மாமனார் தினமும் பொழுது சாய அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். ஹம்சா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "மூணு வந்துச்சாமுங்க. ஒண்ணு விழுந்திருக்குது. ரெண்டைத் தடுத்துட்டாங்க" என்பார். நான் முதலில் சொன்ன பக்கத்து வீட்டுத் தகராறு இதுதான். ஊரெல்லாம் ஒன்று என்ற ஏவுகணை அவர் வீட்டில் மட்டும் மூன்றானது.

சனிக்கிழமை மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் மாப்பிள்ளை முன்னே அனுப்பிய கடிதத்தோடு கம்பெனி கொடுத்த அரபி நோட்டீஸ் ஒன்று இருந்தது. சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பதாக இருக்கும், படித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடகடவென்று ராகமாகப் படித்தார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது, பாப்பாகூட வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அர்த்தம் என்னங்ணா?" என்றேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அம்மணி, வெளிய சொல்லிப்போடாதீங்க. எனக்கு ஓதத்தான் தெரியும். அர்த்தம் தெரியாதுங்க."

"அப்ப தினமும் சேதி சொல்றீங்களே?"

"ஊருப் பேரு வந்தாப் புரியும். அமெரிக்கானு வந்தாப் புரியும். குரலு உசந்தா அடிச்சுட்டாங்கன்னு வெச்சுக்குவேன், எறங்குனாத் தடுத்துட்டாங்கன்னு."

"மூணுன்னு எப்படிங்ணா கணக்கா வந்துச்சு?"

"உங்க மாமனாரு நேராக் கேட்டாருங்க, எத்தனைன்னு. பெரிய மனுசன் கேக்கறப்ப தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? ஒண்ணுன்னா, இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்னு அவருக்குச் சப்புன்னு போயிரும். அஞ்சுன்னா உங்க அத்தை அழுவாங்க. அதான் நடுவால."

அண்ணா, எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கோபம் வரவில்லை. இத்தனை செய்தி ஸ்தாபனத்தில் கேட்கிறவர் வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்துச் செய்தி சொன்னவர் அவர் ஒருத்தர்தான். தவிர, கேட்டதும் உண்மையை ஒத்துக்கொண்டவரும் அவர் ஒருத்தர்தான். வருகிறபோது அவர் மகள் இல்மா, பாப்பா கையில் ஒரு மிக்சர் பொட்டலம் கொடுத்தாள். நான் மாமனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, ரேடியோவில் தீராது என்று தெரிந்த பிறகு அத்தை, "சாமிகிட்டப் பூக் கேட்டுரலாம்" என்றார். யூனியன் மாமனாரும் மறுக்கவில்லை, சாமி நடுநிலை என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அன்னூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு வேன் வைத்துப் போனோம். பூசாரி சுப்பையன் சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. ஒரு குழந்தை எது எதென்று தெரியாமல் ஒன்றை எடுக்க வேண்டும். பாப்பாவை இறக்கிவிட்டோம். அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். ஒன்றை வாயில் வைத்தாள்.

"ரெண்டையும் எடுத்தாச் செல்லாதுங்க" என்றார் சுப்பையன். அரளி விஷம் அண்ணா. நான் பதறிப்போய் அவள் வாய்க்குள் விரலை விட்டு இலைத் துணுக்கை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் பூசாரி, "எல்லாரும் மனசுக்குள்ள ஒருக்கா வேண்டிக்குங்க" என்று சொல்லி, வேறு இரண்டு பொட்டலம் வைத்து, வேறு ஒரு பிள்ளையை எடுக்கவைத்துவிட்டார். வெள்ளை வந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவும் மகனும் ஐந்து நாளைக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பொங்கல் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினோம்.

கோவில்பாளையம் தாண்டும் வரை அந்தச் சமாதானம் இருந்தது. மச்சாண்டார், "அப்ப வியாழக்கிழமை போன்ல இருந்துக்கோன்னு சொல்லிரலாமுங்கய்யா" என்றார்.

"இருந்துக்கோன்னா? அம்மன் வான்னுதான சொல்லிருக்குது?"

"வெள்ளை வந்துச்சுங்களே. அவன் அங்க இருந்தா ஒண்ணும் ஆகாதில்லன்னு வேண்டினேன். ஆமா, ஆகாதுன்னு சொல்லிருச்சு."

"நான் சண்டை பெருசாகுமான்னு வேண்டினேன். ஆகும்னு சொல்லிருச்சு."

இரண்டு பேரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை, "நான் அவன் நல்லாச் சாப்புடறானான்னு கேட்டேன் கண்ணு. சாப்புடறானாம்" என்றார்.

ஒரே பூ அண்ணா. நான் இத்தனை நாள் ரேடியோக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மன் ஒரு வெள்ளை அரளியைத்தான் கொடுத்தாள், அதை வேனில் மூன்று பேர் மூன்று செய்தியாகப் படித்தார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே கியர் மாற்றினார். யாராவது, பொற்கொடி நீ என்ன வேண்டினாய் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. நான் ஒன்றும் வேண்டவில்லை, பிள்ளை வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு வியாழன். போன் வந்தது. பாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு, அப்பாவிடம் 'ப்பா' என்று சொல்லவைக்க வேண்டும் என்று தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். முதலில் மச்சாண்டார் வாங்கி, "ராசு, தைரியமா அங்கயே இரு. லண்டன்லயே சொல்லிட்டாங்க, சாமியும் உத்தரவு குடுத்திருச்சு" என்றார். மாமனார் பிடுங்கி, "கண்ணு, அவன் பேச்சைக் கேக்காத. இது எண்ணெய்க்காக நடக்கற சண்டை. வந்துரு. சாமி உத்தரவு குடுத்திருச்சு" என்றார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, மாமனார் மறுபடி, "ஒரே சாமிதான்டா" என்றார். அத்தை வாங்கி, காலையில் என்ன சாப்பிட்டாய், மத்தியானம் என்ன, ராத்திரிக்கு யார் சமைப்பது, அந்த ஊர் குப்பூஸ் ரொட்டி வயிற்றைப் பிடிக்கிறதா என்று இரண்டு நாள் சாப்பாட்டை நேர் செய்தார். என் கைக்கு ரிசீவர் வந்தபோது "ஹலோ" என்றார். நானும் "ஹலோங்க" என்றேன். லைன் போய்விட்டது. பாப்பா ரிசீவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது ரேடியோ இல்லை என்பதால் அதை மதிக்கவில்லை.

இப்போது நான் கேட்கிற உதவி. உங்கள் மேசைக்கு எல்லா ஏஜென்சிச் செய்தியும் வருகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். லண்டனும் அமெரிக்காவும் மாஸ்கோவும் மழையும் ஒட்டகமும் எல்லாம் வரட்டும். அத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் பக்கமும் சாயாமல், அலங்காரம் இல்லாமல், உள்ளது உள்ளபடி பார்த்து, தம்மாமில் இருப்பது சரியா இல்லையா என்று எனக்கு ஒரே ஒரு சொல்லில் தந்தி அடியுங்கள். 'வரட்டும்' அல்லது 'இருக்கட்டும்'. பத்திரிகைக்காரர் தந்தி என்றால் இந்த வீட்டில் மாஸ்கோவும் லண்டனும் ஒரே சமயத்தில் வாயை மூடும். 'நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்படுகிறது' என்று மட்டும் அடித்துவிடாதீர்கள், அப்புறம் தீபாவளிக்கு நான் அங்கே வரமாட்டேன். எனக்கு என்ன ஆசை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு அவர் வர வேண்டும். வேலை போனால் சிங்காநல்லூரில் எரிந்துபோகிற மோட்டாருக்கா பஞ்சம். ஆனால் என் ஆசைக்காக நீங்கள் செய்தியை வளைக்க வேண்டாம். உண்மை எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். அந்த ஒன்றைத்தான் பதினைந்து நாளாக உலகத்தில் யாரிடமும் வாங்க முடியவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். மாமனார் உங்களுக்கு வணக்கமும், தலைப்பு வைத்தவருக்குக் கண்டனமும் சொல்லச் சொன்னார். எல்லோரும் தீர்க்காயுசாக, வானத்திலிருந்து மழையைத் தவிர ஒன்றும் விழாத ஊரில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
பொற்கொடி

பி.கு.: சனிக்கிழமை, 2-2-91. நேற்றுத் தபாலில் சேர்க்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. தந்தி வேண்டாம் அண்ணா.

இன்று காலை மச்சாண்டார் சாமான் எடுக்க ஈரோடு போயிருந்தார். மாமனாரும் அத்தையும் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். நான் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு, முந்தின நாள் மச்சாண்டாருக்குச் சோறு போன தூக்குப் போசியைக் கழுவி எடுத்துவரப் பட்டறைக்குப் போன நேரம், போன் அடித்தது. அவர்தான். கல்யாணமாகி முதல் தடவையாக மூன்று நிமிஷம் முழுசாக எனக்கே கிடைத்தது. ஆனால் குரலே அவர் குரலாக இல்லை.

"பொற்கொடி, நீயும் பாப்பாவும் எங்க இருக்கறீங்க? கதவையெல்லாம் சாத்திட்டீங்களா?"

"எதுக்குங்க?"

"ரேடியோவுல சொன்னாங்க. அங்க அரசாங்கத்தைக் கலைச்சுட்டாங்களாமா, தமிழ்நாடே பத்தி எரியுதாமா, பஸ்ஸெல்லாம் கொளுத்தறாங்களாமா. ரெண்டு ராத்திரியா நான் கண்ணே மூடல. இங்க சங்கு ஊதறதுகூடக் காதுல உழுவல."

நான் வாசலைப் பார்த்தேன். ஒருத்தர் சைக்கிளில் கொத்தமல்லிக் கட்டு விற்றுக்கொண்டு போனார். டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தைக் கலைத்தது நிஜம்தான். அதற்காக வியாழக்கிழமை பாதி நாள் கடை சாத்தினார்கள், யாரோ கல் விட்டு ஒரு பஸ்ஸுக்கு முன்கண்ணாடி போனது. இவ்வளவுதான் நடந்தது. அதைச் சொல்லத்தான் அண்ணா, சத்தியமாக அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர், "நான் பேரு குடுத்துட்டு வந்துரட்டுமா? உங்க ரெண்டு பேரையும் அங்க தனியா உட்டுட்டு இங்க நிம்மதியா வேலை பாக்க முடியல" என்றார்.

நான், "வந்துருங்க" என்றேன்.

"ரொம்ப மோசமா இருக்குதா? தீ தெரியுதா?"

"புகை தெரியுதுங்க" என்றேன்.

பொய் இல்லை அண்ணா. பட்டறைக்கு எதிர்ச்சாரியில் இரும்பு உருக்குகிற ஃபவுண்டரி. தினமும் காலையில் தெரிகிற புகைதான். அவர் எதன் புகை என்று கேட்கவில்லை, நானாகச் சொல்லவில்லை. பெயர் கொடுத்துவிட்டுப் பத்தாம் தேதி பஸ்ஸில் கிளம்புகிறார்.

ஆகவே மேலே கேட்ட உதவிக்குப் பதிலாக வேறு ஒன்று. வெளிநாட்டு ரேடியோவின் சென்னை நிருபர்கள் காலையில் உங்கள் பேப்பரைப் புரட்டிவிட்டுத்தான் செய்தி அனுப்புகிறார்கள் என்று போன தீபாவளிக்கு நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அவர் விமானம் ஏறுகிற வரைக்கும், தமிழகத்தில் அமைதி நிலவுகிறது என்று மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் தலைப்பு வைக்கிறவர் நல்ல கை. அவரிடம் சொல்லி, கண்ணாடி உடைந்த அந்த ஒரு பஸ்ஸை எட்டுப் பத்திக்குப் போடச் சொல்லுங்கள்.